வீட்டுல கட்டுற ஆக்டிவ் கிராஸ்ஓவருக்கு எந்த ஆப் ஆம்ப் போடுறது?

ஆக்டிவ் கிராஸ்ஓவர் கட்டலாம்னு கிளம்புற எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த ஐசி சவுண்டு நல்லா இருக்கும்?"ங்கிறதுதான். அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. முதல்ல சர்க்யூட் என்னன்னு முடிவு பண்ணணும், அப்புறம் ரெசிஸ்டர் வேல்யூ, அது ரெண்டும் முடிவானா எந்த ஐசி போடணும்னு பாதி தானாவே தெரிஞ்சிடும். பொறுமை இல்லாதவங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், 5532-ங்கிற ஆப் ஆம்ப் ஐசிய (சின்ன சிக்னலுக்கான ஆம்ப்ளிஃபையர், ஒரு ஐசிக்குள்ள ரெண்டு இருக்கும்) வாங்கிப் போடுங்க, பத்துல ஒன்பது பேருக்கு அது போதும். ஏன் போதும், எந்த இடத்துல போதாது, வாங்கினது நிஜமாவே 5532 தானான்னு எப்படிப் பாக்குறதுன்னு தெரிஞ்சுக்கணும்னா மேல படிங்க.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி. கிராஸ்ஓவர்னா சிக்னல கீழ் சத்தம் வூஃபருக்கு, மேல் சத்தம் ட்வீட்டருக்குன்னு பிரிக்கிற சர்க்யூட். சாதாரண ஸ்பீக்கர் பாக்ஸுக்குள்ள காயில், பெரிய கெப்பாசிட்டர்லாம் வச்சு ஆம்ப்ளிஃபையருக்கு அப்புறமா பிரிக்கிறது பாசிவ். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாடியே சின்ன சிக்னலா இருக்கும்போது பிரிச்சு, வூஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப்னு தனித்தனியா கொடுக்கிறது ஆக்டிவ். நாம இங்க எடுத்துக்கப் போறது டூ வே, 2.2 கிலோஹெர்ட்ஸ்ல பிரியுற லிங்க்விட்ஸ்-ரைலி நாலாவது ஆர்டர். லிங்க்விட்ஸ் 1976-ல இதப்பத்தி பேப்பர் போட்டாரு, இன்னைக்கு வரைக்கும் வீட்டுல கட்டுறவங்க பெரும்பாலும் இதுக்குத்தான் போறாங்க, ஏன்னா வூஃபரும் ட்வீட்டரும் ஒரே ஃபேஸ்ல இருக்கும், கூட்டினா ஃப்ளாட்டா வரும், ட்வீட்டருக்கு கீழ் சத்தம் போகாம ஆக்டேவுக்கு (ஃப்ரீக்வன்ஸி பாதியாகுற ஒவ்வொரு தடவைக்கும்) 24 டெசிபல் வேகத்துல வெட்டிடும்.

முதல் வேலை: ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வேல்யூ

லோ பாஸுக்கு (வூஃபருக்குப் போற ஃபில்டர்) ரெண்டு சாலன்-கீ ஸ்டேஜ் வரிசையா, ஹை பாஸுக்கும் (ட்வீட்டருக்குப் போறது) அதே மாதிரி ரெண்டு. சாலன்-கீன்னா ஒரு ஆப் ஆம்ப், ரெண்டு ரெசிஸ்டர், ரெண்டு கெப்பாசிட்டர் வச்சு கட்டுற ஃபில்டர். எல்லாமே கெயின் 1, அதாவது அவுட்புட்ட நேரா மைனஸ் இன்புட்ல சேத்திடறோம். லோ பாஸ்ல ரெண்டு ரெசிஸ்டரும் சமம், அவுட்புட்ல இருந்து நடு ஜாயிண்டுக்கு வர்ற கெப்பாசிட்டர் மட்டும் பிளஸ் இன்புட்ல இருந்து கிரவுண்டுக்குப் போறத விட டபுள். ஹை பாஸ்ல அப்படியே மாத்திக்கங்க, ரெண்டு கெப்பாசிட்டரும் சமம், கிரவுண்டுக்குப் போற ரெசிஸ்டர் அவுட்புட்ல இருந்து வர்றத விட டபுள். கெப்பாசிட்டர் 10 நானோஃபாரட், ரெசிஸ்டர் 5.1 கே (கிலோ ஓம்) போட்டா ரெண்டு பக்கமும் 2207 ஹெர்ட்ஸ் வரும். டபுள் வேணுங்கிற இடத்துல ரெண்டு 10 நானோவ பேரலலா, இல்ல ரெண்டு 5.1 கேவ சீரியஸா போட்டுடுங்க. மொத்த ஃபில்டருக்கும் வாங்க வேண்டியது ரெண்டே வேல்யூ, ஒரே பாக்கெட்ல வாங்கினா மேட்சிங்கும் ஓரளவு நல்லாவே இருக்கும். ரெசிஸ்டர் 1 பர்சன்ட் மெட்டல் ஃபிலிம், பச்சை, பழுப்பு, கருப்பு, பழுப்பு, அதுக்கப்புறம் டாலரன்ஸுக்கு இன்னொரு பழுப்பு. கெப்பாசிட்டர் மேல 103-னு இருக்கும், பாலிப்ரொப்பிலீன் கிடைச்சா நல்லது, பாலியெஸ்டர் பாக்ஸ் டைப்பும் ஓகே. மஞ்சள் கலர்ல வர்ற சாதா மல்டிலேயர் செராமிக்க ஃபில்டர்ல போடாதீங்க, வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அதோட வேல்யூவே மாறும், அது பண்ற டிஸ்டார்ஷனுக்கு எந்த விலை ஐசியாலயும் மருந்து கிடையாது. செராமிக்லயே என்பி0-னு வர்ற டைப் மட்டும் விதிவிலக்கு.

ஏன் 5.1 கே, ஏன் 51 கே இல்ல? 51 கே போட்டு 1 நானோ கெப்பாசிட்டர் போட்டாலும் அதே ஃப்ரீக்வன்ஸிதான் வரும், கெப்பாசிட்டர் சின்னதாகும், விலையும் குறையும். ஆனா ரெசிஸ்டரே சத்தம் போடும். 1 கே ரெசிஸ்டர் சுமார் 4 நானோவோல்ட், இது ஒரு ஹெர்ட்ஸோட வர்க்கமூலத்துக்குன்னு வர்ற கணக்கு, 10 கே கிட்டத்தட்ட 13, 100 கே 40. லோ பாஸ்ல ஆப் ஆம்ப் இன்புட்டுக்கு முன்னாடி ரெண்டு ரெசிஸ்டரும் சீரியஸா நிக்கும், அங்க 100 கே ஆயிடுச்சுன்னா 5 நானோவோல்ட் ஐசி வாங்கி என்ன பிரயோஜனம். அதுமட்டுமில்ல, 5532 இன்புட்ல டிரான்சிஸ்டர் இருக்கிறதால கொஞ்சம் கரண்ட் உறிஞ்சும், டிபிக்கல் 200 நானோஆம்பியர், மேக்ஸிமம் 800 வரைக்கும் போகலாம். 10 கே வழியா 200 நானோன்னா 2 மில்லிவோல்ட் டிசி, யாரும் கவலைப்பட வேண்டியதில்ல. 100 கே வழியான்னா 20, ரெண்டு ஸ்டேஜ் சேந்தா 40 மில்லிவோல்ட். சின்ன ரெசிஸ்டர் போட்டா 5532, பெரிய ரெசிஸ்டர்தான் போட்டாகணும்னா ஜேஃபெட் (கிட்டத்தட்ட கரண்டே உறிஞ்சாத வகை டிரான்சிஸ்டர்) இன்புட் உள்ள ஐசி, முடிவெடுக்கிற இடமே இதுதான்.

அதுக்காக 500 ஓம் வரைக்கும் இறக்கிடவும் கூடாது. ஃபில்டர ஓட்டுறது முன்னாடி இருக்கிற ஆப் ஆம்ப், அதுக்கு லோடு ஏறிக்கிட்டே போகும். 5532 600 ஓம் வரைக்கும் தாங்கும்னு டேட்டாஷீட்லயே இருக்கு, டிஎல்072-ங்கிற ஜேஃபெட் ஐசி 2 கேக்கு கீழ போனா திணறும். அதனால ஒரு கேக்கும் பத்து கேக்கும் நடுவுல எங்கயாவது நின்னுக்கங்க.

இப்ப ஐசிங்க

741, எல்எம்358 ரெண்டையும் எடுத்த எடுப்புலயே ஒதுக்கிடுங்க. 741 1968-ல வந்தது, கிளாஸ்ல பாடம் நடத்த நல்லது. ஸ்லூ ரேட், அதாவது அவுட்புட் எவ்வளவு வேகமா ஏறி இறங்க முடியும்ங்கிறது, மைக்ரோ செகண்டுக்கு அரை வோல்ட். 2 வோல்ட் ஆர்எம்எஸ் சிக்னல் 20 கிலோஹெர்ட்ஸ்ல கிளீனா போகணும்னா 0.36 வோல்ட் வேணும், கொஞ்சம் வால்யூம் ஏத்தினா எல்லை தாண்டிடும். 358 கிட்டத்தட்ட 0.3 தான், அதுவே பத்தாது, கூடவே அதோட அவுட்புட் ஸ்டேஜ் சிக்னல் ஜீரோவத் தாண்டும்போது ஒரு சின்ன உடைசல் விடும், அது ட்வீட்டர்ல கரகரன்னு கேக்கும். சென்சார், பேட்டரி சார்ஜர் வேலைக்கு அது தங்கமான ஐசி, ஆடியோவுக்கு வேண்டாம்.

4558 நம்ம ஊர் அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர் பேஸ் ட்ரெபிள் போர்டுல எல்லாம் பாத்திருப்பீங்க. மோசம்னு சொல்ல மாட்டேன், சப் வூஃபர் ஃபில்டருக்கு தாராளமா போதும். ஆனா அதோட பேண்ட்விட்த் 3 மெகாஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் ஒண்ணுல இருந்து 1.7 வோல்ட்டுக்குள்ள, 5532-க்கும் அதுக்கும் விலை வித்தியாசம் ஒரு டீக் காசு கூட வராத இடத்துல எதுக்கு வம்பு.

டிஎல்072 ஜேஃபெட் இன்புட், இன்புட் கரண்ட் பைக்கோஆம்பியர் கணக்குலதான், ஸ்லூ ரேட் 13 வோல்ட், பேண்ட்விட்த் 3 மெகாஹெர்ட்ஸ், நாய்ஸ் 18 நானோவோல்ட். 5532 நாய்ஸ் 5 நானோவோல்ட், ஸ்லூ ரேட் 9, பேண்ட்விட்த் 10 மெகாஹெர்ட்ஸ். 1970-களோட கடைசியில சிக்னெடிக்ஸ் கம்பெனி இறக்கினது, 80-கள்ல வந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோ மிக்ஸர்கள்ல வரிசை வரிசையா இதுதான் உக்காந்திருக்கும், நீங்க கேட்டு வளந்த பாட்டுல பல பாட்டு நூத்துக்கணக்கான 5532 வழியா வந்ததாத்தான் இருக்கும், அதனால "5532 பழசு, டல்லா இருக்கும்"னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு நகந்துடுங்க.

18-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் காதுல கேக்குமா? கணக்கு போட்டுப் பாத்திடலாம். டிஎல்072 மூணு ஸ்டேஜ் வரிசையா இருந்தா 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மொத்த நாய்ஸ் சுமார் 4.4 மைக்ரோவோல்ட். பவர் ஆம்ப் கெயின் 20 மடங்குன்னா ட்வீட்டர்ல 90 மைக்ரோவோல்ட் கிட்ட வரும். 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் கொடுக்கிற சாதா டோம் ட்வீட்டர்ல அது ஒரு மீட்டர் தூரத்துல ஏறக்குறைய ஜீரோ டெசிபல். நடுராத்திரியில ஃபேன நிறுத்திட்டு உக்காந்தாலும் கேக்காது, பவர் ஆம்ப்போட சொந்த இரைச்சல்தான் முன்னாடி நிக்கும். ஆனா அதே இடத்துல 110 டெசிபல் ஹார்ன், கம்ப்ரஷன் டிரைவர் மாட்டினீங்கன்னா அது 20 டெசிபல் ஆயிடும், அமைதியான ரூம்ல பக்கத்துல போனா ஸ்ஸ்ஸ்னு கேக்கும். ஹார்ன் வச்சிருக்கிறவங்க ஹை பாஸ் பக்கம் யோசிக்காம 5532 போடுங்க. வூஃபர் பக்கம் இந்தக் கவலையே இல்ல, ஹிஸ் ஆப் ஆம்ப்ல இருந்து கிளம்பினாலும் அத வெளிய கொண்டுவர அந்த கோனால முடியாது.

சாலன்-கீ சர்க்யூட்டுல இன்னொரு விஷயம் இருக்கு, இத பலபேர் கண்டுக்கிறதில்ல. கெயின் 1 ஃபாலோயரா ஓடும்போது ரெண்டு இன்புட் காலும் முழு சிக்னலோட மேலயும் கீழயும் ஆடும். ஜேஃபெட் ஐசியில இன்புட் கெப்பாசிட்டன்ஸ் இந்த ஆட்டத்தோட சேந்து மாறும், முன்னாடி பெரிய ரெசிஸ்டர் இருந்தா அது டிஸ்டார்ஷனா வெளிய வரும். டிஎல்072-ல இது நல்லாவே உண்டு. 5.1 கேன்னா பெருசா தெரியாது, 47 கேன்னா மீட்டர்ல தெரியும். ஜேஃபெட்டுக்கு பெரிய ரெசிஸ்டர் பிரச்சனையே இல்லன்னு டிசி கணக்க மட்டும் பாத்து சொல்றவங்க இந்தப் பக்கத்த விட்டுடறாங்க.

அப்ப ஜேஃபெட் எங்கதான் ஜெயிக்கும்? வால்யூம் கண்ட்ரோலுக்கு அடுத்த பஃபர்ல (சிக்னல மாத்தாம அடுத்த ஸ்டேஜுக்குக் கொடுக்கிற ஆப் ஆம்ப்). 50 கே வால்யூம் கண்ட்ரோலோட நடுக்கால நேரா 5532-ல கொடுத்தா அந்த 200 நானோஆம்பியர் கண்ட்ரோல் வழியாத்தான் ஓடணும், திருப்பும்போதெல்லாம் டிசி மாறி கரகரன்னு சத்தம் வரும், கண்ட்ரோல் போயிடுச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கி மாட்டியும் அதே சத்தம்னு புலம்புறவங்க இருக்காங்க. அந்த இடத்துல டிஎல்072, கொஞ்சம் காசு போட முடிஞ்சா ஓபிஏ2134 போடுங்க, அது 8 நானோவோல்ட், 20 வோல்ட் ஸ்லூ ரேட், ஜேஃபெட் இன்புட். இல்லன்னா நடுவுல டிசிய தடுக்கிற ஒரு கப்ளிங் கெப்பாசிட்டரும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டரும் வச்சு 5532-ஐயே ஓட்டலாம்.

சப் வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸ்ல பிரிக்கிறவங்களுக்கு, 100 நானோ கெப்பாசிட்டரோட 14 கே வரும், 220 நானோன்னா 6.4 கே. ரெண்டுமே 5532-க்கு ஒத்துவரும், இங்க டிஎல்072, 4558 எது போட்டாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

எல்எம்4562 மாதிரி விலை ஜாஸ்தி ஐசிங்க பத்தி. 2.7 நானோவோல்ட், 55 மெகாஹெர்ட்ஸ், டிஸ்டார்ஷன் அளக்கிறதே கஷ்டம். ஐசி அருமையானதுதான், சந்தேகமில்ல. ஆனா 55 மெகாஹெர்ட்ஸ்னா டாட் போர்டுல நீட்ட நீட்டமா ஒயர் இழுத்து கட்டுற ஆளுக்கு அது குடைச்சல் கொடுக்கும், காதுக்கு எட்டாத ஃப்ரீக்வன்ஸில ஆசிலேட் ஆகும் (சிக்னல் இல்லாமலே தானா ஆடும்), உங்களுக்குத் தெரியுறது ஐசி சூடாகுறதும் சவுண்டு கொஞ்சம் கலங்குறதும் மட்டும்தான். முதல் போர்டு 5532-ல ஓடட்டும். எல்லாத்தையும் ஐசி பேஸ்ல மாட்டுங்க, 5532, டிஎல்072, 4558, ஓபிஏ2134, எல்எம்4562 எல்லாத்துக்கும் கால் வரிசை ஒண்ணுதான், 1, 2, 3 ஒரு ஆப் ஆம்ப், 5, 6, 7 இன்னொண்ணு, 4 மைனஸ், 8 பிளஸ். பின்னாடி ஆசை வந்தா கழட்டி மாட்டிக்கலாம். 5534 மட்டும் இதுல சேராது, அது சிங்கிள், கால் வரிசையே வேற, கெயின் 1-ல ஓட்டணும்னா தனியா 22 பைக்கோஃபாரட் கேக்கும். பேரு பக்கத்து பக்கத்துல இருக்குன்னு கடையில மாத்திக் கொடுத்துடுவாங்க, நம்பரப் பாத்து வாங்குங்க.

வாங்கினது ஒரிஜினலா?

ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, டூப்ளிகேட் எல்லா இடத்துலயும் உண்டு. வேற ஐசி மேல பேர அழிச்சிட்டு புதுசா அடிச்சு விக்கிறதுதான் பெரும்பாலும் நடக்கும். ஓபிஏ627 மாதிரி ஆயிரக்கணக்குல விலை போறது நூறு ரூபாய்க்கு கிடைச்சா அது என்னன்னு நான் சொல்லவே வேண்டாம். 5532-லயும் டூப்ளிகேட் வருது, அத ஒரு மல்டிமீட்டரும் ரெண்டு 9 வோல்ட் பேட்டரியும் இருந்தா ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். ரெண்டு பேட்டரியும் சீரியஸா வச்சு நடு ஜாயிண்ட கிரவுண்டா எடுத்துக்கங்க, பிளஸ் 8-க்கு, மைனஸ் 4-க்கு, 4-க்கும் 8-க்கும் நடுவுல 104 கெப்பாசிட்டர் ஒண்ணு. 1-ஐ 2-ஓட சேருங்க, 7-ஐ 6-ஓட சேருங்க, 3-ல இருந்தும் 5-ல இருந்தும் தனித்தனியா ஒரு மெக் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு.

பிளஸ் ஒயர்ல மீட்டர மில்லிஆம்பியர் ரேஞ்சுல சீரியஸா வச்சுப் பாருங்க. 5532 சும்மா இருக்கும்போதே 8 மில்லிஆம்பியர் கிட்ட இழுக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். டிஎல்072 3-க்குள்ள, 358 ஒண்ணு கிட்டத்தான். 5532-னு எழுதியிருக்கு ஆனா 2 மில்லிஆம்பியர் காட்டுதுன்னா எழுதினது பொய். அடுத்து மீட்டர டிசி வோல்ட்ல வச்சு 1-ஆம் கால் அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல பாருங்க. 5532 இன்புட்ல என்பிஎன் டிரான்சிஸ்டர் இருக்கிறதால ஒரு மெக் வழியா கரண்ட் உள்ள போகும், அவுட்புட் மைனஸ் பக்கமா கால் வோல்ட் கிட்டத்துல நிக்கும், சிலது இன்னும் கொஞ்சம் கூட போகும். ஜேஃபெட்னா சில மில்லிவோல்ட்தான் காட்டும். பிளஸ் பக்கமா ஏறுதுன்னா உள்ள பிஎன்பி இன்புட் வச்ச வேற ஏதோ இருக்கு, அது 5532 இல்ல. இதுல பாஸான ஐசி நூறு பர்சன்ட் ஒரிஜினல்னு சொல்ல முடியாது, ஆனா ஃபெயில் ஆனது கண்டிப்பா டூப்ளிகேட்.

சப்ளையும் போர்டும்

15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், பிளஸ் 15 வோல்ட்டுக்கு 7815 ரெகுலேட்டர், மைனஸ் 15-க்கு 7915. ஒரு சேனலுக்கு இன்புட் பஃபர் ஒண்ணு, ஃபில்டர் நாலு, மொத்தம் அஞ்சு ஆப் ஆம்ப், ட்வீட்டர் லெவல குறைக்கிறதுக்கு ஒண்ணு சேத்தா ஆறு, அதாவது மூணு ஐசி. ஸ்டீரியோவுக்கு ஆறு ஐசி, 50 மில்லிஆம்பியர் கிட்ட, ரெகுலேட்டருக்கு ஹீட் சிங்க் கூட வேண்டாம். 7815-க்கும் 7915-க்கும் கால் வரிசை வேற வேற, இத மறந்துடாதீங்க. 7815 இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7915 கிரவுண்ட், இன்புட், அவுட்புட், அதோட முதுகு உலோகத்துல மைனஸ் இன்புட் வோல்டேஜ் இருக்கும், அத அப்படியே கேபினட்ல ஸ்க்ரூ போட்டு முடுக்கிடாதீங்க. ஐசி மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேஸ்லயும் 8-ல பிளஸ் 15, 4-ல மைனஸ் 15 வருதான்னு மீட்டர்ல பாத்துட்டு, ஆஃப் பண்ணிட்டு, அப்புறம் மாட்டுங்க.

ஒவ்வொரு ஐசிக்கும் 4-க்கும் 8-க்கும் நடுவுல 104 ஒண்ணு, காலுக்கு ஒட்டி பத்தவைக்கணும், போர்டு ஓரத்துல ஒண்ணு வச்சா கணக்குல வராது. 5532 இது இல்லன்னா ஆசிலேட் ஆகும். வெளிய கேபிளுக்குப் போற ஒவ்வொரு அவுட்புட்லயும் 100 ஓம் சீரியஸா போடுங்க, நீளமான ஷீல்டு கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் ஐசிய கலக்காம இருக்கும். ஐசியில பாதி மிச்சமா இருந்தா அப்படியே தொங்க விடாதீங்க, அவுட்புட்ட மைனஸ் இன்புட்டோட சேத்துட்டு பிளஸ் இன்புட்ட கிரவுண்ட் பண்ணிடுங்க. 15 வோல்ட்ல 5532 தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், 240 மில்லிவாட் எரிக்குது, அது நார்மல். விரல் வைக்க முடியாத சூடுன்னா ஏதோ தப்பு.

ட்வீட்டர் மாட்டுறதுக்கு முன்னாடி

அவுட்புட்ல டிசி பாருங்க, 20 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி. அப்புறம் சிக்னல் கொடுத்து அளக்கணும், ஆனா சாதா மல்டிமீட்டர் ஏசி ரேஞ்சு 2 கிலோஹெர்ட்ஸ்ல பொய் சொல்லும், அதனால லேப்டாப் சவுண்ட் கார்டும் ரூம் ஈக்யூ விசார்ட் சாஃப்ட்வேரும் வச்சுப் பாருங்க, அது இலவசம். 2207 ஹெர்ட்ஸ் பக்கத்துல லோ பாஸும் ஹை பாஸும் ரெண்டுமே 6 டெசிபல் இறங்கியிருக்கணும், அதாவது சரியா பாதி. இன்னும் சுளுவான ஒரு செக் இருக்கு, ரெண்டு அவுட்புட்ல இருந்தும் ஆளுக்கொரு 10 கே ரெசிஸ்டர் எடுத்து ஒண்ணா சேத்து அந்த ஜாயிண்ட அளந்தா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கோடா வரணும். நடுவுல பள்ளம் விழுந்தா ஒரு பக்கம் ஏதோ ஒரு டபுள் வேல்யூ மாறிப் போயிருக்கு, பெரும்பாலும் லோ பாஸ்ல 20 நானோவும் 10 நானோவும் இடம் மாறியிருக்கும், ஏன்னா வரைபடத்துல பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்.

முதல் தடவை ட்வீட்டர நேரா ஆம்ப்ல மாட்டாதீங்க, சீரியஸா ஒரு 33 மைக்ரோஃபாரட் நான் போலார் கெப்பாசிட்டர் போட்டு மாட்டுங்க. ஆன் பண்ணும்போது வர்ற டப் சத்தமும், எங்கயாவது ஒயர் மாறி டிசி வந்தா அதுவும் ட்வீட்டர் காயிலுக்குப் போகாம இது தடுக்கும், 8 ஓம்ல அது வெட்டுற இடம் 600 ஹெர்ட்ஸ்ங்கிறதால நம்ம 2207-க்கு பெரிய தொந்தரவு இல்ல. எல்லாம் செட்டில் ஆனதுக்கப்புறமும் நான் அத கழட்டுறதில்ல. ஆன் பண்ணும்போது கிராஸ்ஓவர் முதல்ல, பவர் ஆம்ப் அப்புறம், ஆஃப் பண்ணும்போது பவர் ஆம்ப் முதல்ல. கடைசியா ட்வீட்டர் ஒயர வேணும்னே மாத்தி மாட்டி, ஸ்பீக்கருக்கு நேரா ஒரு மீட்டர் தள்ளி மைக் வச்சு ஒரு ஸ்வீப் (கீழ இருந்து மேல வரைக்கும் ஏறுற டோன்) ஓட்டுங்க. 2.2 கிலோஹெர்ட்ஸ்ல நல்ல ஆழமா பள்ளம் விழுந்தா ரெண்டு டிரைவரும் ஃபேஸ்ல சேருதுன்னு அர்த்தம், ஒயர சரியா மாத்திட்டு மூடிய போட்டு முடுக்கிடலாம். பள்ளம் ஆழமில்லாம மேம்போக்கா இருந்தா ஐசியத் தொடாதீங்க, ட்வீட்டர் வூஃபர விட ஒரு ரெண்டு சென்டிமீட்டர் முன்னாடி உக்காந்திருக்கும், அத பின்னாடி தள்ளிப் பாருங்க.